மருதக் கதவோடு வந்த ஓலை

நலம் ஓங்குக. மழை அளவறிந்து பெய்க. குன்றம் ஏழுடைய குறும்பொறை நாட்டரசர் வயவேந்தர்க்கு யாண்டு பதினொன்று, ஐப்பசித் திங்கள் பத்தொன்பதாம் நாள், அரசரின் ஏரிக்கண்காணி பொற்கோடன் தாழைப்பாடி ஊரவைப் பெருமக்களுக்கு எழுதி விடுக்கும் ஓலை. உங்கள் ஊரின் நலம் கேட்க அவனுக்கு வாயில்லை. நாகன் ஏரி உடைந்து ஒன்பது உயிரை வாரிக்கொண்டு போன ஊரில் நலமேது!

மடைக்காவலன் பூதன் உறங்கிப்போய் மடை திறவாததால் கரை உடைந்தது என்று நீங்கள் தீர்ப்பளித்து, வரும் பௌர்ணமியன்று அவனைக் கழுவேற்ற நாள் குறித்த செய்தி கண்காணியின் செவிக்கு எட்டியது. நிறுத்துக. பூதன்மேல் குற்றமில்லை.

நாகன் ஏரி ஊர்ப்பொது ஏரியன்று. நிலக்கிழார் நன்னாகனார் தம் வயலுக்கென்று தம் நிலத்தில் எழுப்பிய சிறு மண்கரை. ஆயினும் ஆண்டுதோறும் கண்காணி அதன்மேல் நடந்து, மிதித்துப் பார்த்து, முத்திரை வைக்கவேண்டுமென்பது அரசாணை. மூன்றாண்டுக்கு முன் பொற்கோடன் புதுமனை கட்டியபோது, நன்னாகனார் கரைமேல் நின்ற பெருமருதை வெட்டித் தலைவாயில் கதவுக்கென்று அனுப்பிவைத்தார். கரைமரத்தை வெட்டினால் வேரையும் தோண்டியெடுத்து, அக்குழியில் களிமண் இட்டு இடித்து இறுக்கவேண்டுமென்பது இந்நாட்டு வழக்கம். தோண்ட வேண்டுமானால் ஏரியை வடிக்கவேண்டும். வடித்தால் பயிர் கருகும். ஆதலால் அவர் அடிக்கட்டையின்மேல் மண்ணைக் கொட்டி மூடினார். கண்காணி அதை அறிவான். அறிந்தும், கதவின் அழகில் பூரித்துப்போய் வாயை மூடிக்கொண்டான், பாவி!

சென்ற புரட்டாசியில் பூதன் ஒருநாள் தொலைவு நடந்து வந்து, அதே கதவின் முன் நின்று, ‘ஐயா, மருது நின்ன எடத்துல வேரு மக்கிப் பொந்தாயிருச்சு, கைத்தடி முழுசும் உள்ள போகுது, இந்த மழைக்குக் கரை தாங்காதுங்க’ என்று கும்பிட்டு விண்ணப்பித்தான். கண்காணி அவனை ஏசித் துரத்தினான். பிறகு கரையை மிதித்தும் பாராமல், ‘திடம்’ என்று வீட்டிலிருந்தபடியே முத்திரை வைத்தான்.

கரை உடைந்த மறுநாள்தான் கண்காணி அங்கே போனான். மடைப்பலகை மேலே தூக்கிக் கட்டியபடியே நிற்கிறது. பூதன் மடையை முழுக்கத் திறந்துதான் வைத்திருந்தான். உடைப்பு எடுத்தது மருது நின்ற இடத்தில். அங்கே கரையோரம் பொந்தை அடைக்க அவன் திணித்த வைக்கோல் இன்னும் கிடக்கிறது. மாண்ட ஒன்பதின்மரில் அவன் மகளும் ஒருத்தி. ஐயோ, அவனையா கழுவேற்றப் பார்த்தீர்கள்?

ஆகையால், இவ்வோலை கண்ட கணமே பூதனின் விலங்கை வெட்டுக. நன்னாகனாரைக் காவலில் வைக்க. குற்ற ஓலையில் கண்காணியின் பெயரை முதலாவதாக எழுதுக. ஓலை வரும் வண்டியிலேயே அம்மருதக் கதவும் சான்றாக வருகிறது.

இது அரசமுத்திரை இட்ட கட்டளை. முன்பு இதே முத்திரை பொய்க்கு இடப்பட்டது. இன்று மெய்க்கு இடப்படுகிறது. பிடிக்க வரும் காவலர் வாயிலில் நின்று அழைக்கவேண்டியதில்லை. பொற்கோடன் வீட்டுக்கு இப்போது கதவில்லை.