அப்பாவின் பங்கு தூங்கும்

மார்ச் 4

என் பாப்பாவுக்கு,

நான்கு வயதுப் பையனுக்குத் தாய், அடுத்தது வயிற்றில், இன்னும் என்ன பாப்பா என்று மாப்பிள்ளை சிரிப்பார். சிரிக்கட்டும். இங்கே உன் அம்மாவுக்கு முட்டிவலி, எனக்கு உன் அம்மா. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

இந்தக் கடிதமும் வழக்கம்போல லாண்டரிக் காகிதத்தில்தான். ஓட்டலில் தங்குகிறவர்களின் சட்டை மடிப்புக்குள் வைப்போமே, அந்த மொரமொரப்புக் காகிதம். சூப்பர்வைசரிடம் கேட்டுத்தான் எடுக்கிறேன். நீ படித்து முடித்ததும் என் பேரன் கிலுக்கனிடம் கொடுத்துவிடு. போனில் பேசினால் அவனுக்கு என்ன மிஞ்சும்? போன கடிதத்தைச் சாயங்காலம் முழுக்கக் கசக்கிக் கசக்கிச் சிரித்தான் என்று எழுதியிருந்தாய். என் எழுத்தை அவ்வளவு நேரம் ரசித்த முதல் ஆள் அவன்தான்.

அவனைப் பற்றி டாக்டர் சொன்னதாக நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் பத்தாவதில் வாத்தியாரின் இரக்கத்தால் அறிவியலில் தேறியவன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீயே திருத்து.

உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் வேலை முடிந்துபோன புரதங்களை அப்புறப்படுத்த வேண்டும். நீ சின்ன வயதில் எனக்குச் சாப்பாடு கொண்டுவரும்போது பார்த்திருக்கிறாயே, கிழிந்த பெட்ஷீட்டின் மூலையில் சிவப்பு நூல் கட்டுவேன். நூலைப் பார்த்தால் கத்தரிக்காரர் எடுத்துப்போய்த் துண்டு போட்டுவிடுவார். செல்லுக்குள் அந்த நூலுக்கு யூபிக்விட்டின் என்று பெயர். நூல் கட்டுகிற ஆளைச் செய்து தருகிற மரபணுவுக்கு யூபிஇ3ஏ என்று பெயர். பஸ் நம்பர் மாதிரி இருக்கிறது, போகட்டும். கிலுக்கனின் மூளையில் அந்த ஆள் வேலைக்கு வரவில்லை. எங்கள் ஸ்டோர் ரூமில் நூல் கட்ட ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பழையது குவியும், புதிதை வைக்க இடமிருக்காது, எல்லாரும் தடுக்கி விழுவார்கள். அதனால்தான் அவனுக்குப் பேச்சு இல்லை, நடை தள்ளாட்டம், தூக்கம் இல்லை, காரணமில்லாத சிரிப்பு. சரியா?

அடுத்தது. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு ஆள். அம்மா கொடுத்தவன் ஒருவன், அப்பா கொடுத்தவன் ஒருவன். ஆனால் இந்த வேலையில், மூளைக்குள், அப்பா கொடுத்தவன் பிறந்ததிலிருந்தே தூங்குவான். உலகத்தில் எல்லாருக்கும் அப்படித்தானாம். முழு வேலையும் அம்மா கொடுத்தவன் தலையில். இதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

“இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேறயா? என்னைக் கேட்டிருந்தா என்னைக்கோ சொல்லியிருப்பேனே” என்றாள்.

மாப்பிள்ளை கொடுத்த ஆளிடம் ஒரு பழுதும் இல்லை, தூங்குகிறான், அவ்வளவுதான். அவர் வெட்கப்பட வேண்டாம் என்று சொல். அவனை எழுப்ப எங்கெங்கோ மருந்து தேடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஒரு சொம்பு தண்ணீர் போதும், அனுபவம் இருக்கிறது என்கிறாள் உன் அம்மா.

ஒன்றுதான் புரியவில்லை. எங்கள் இருவரின் ரத்தத்தையும் எதற்குக் கேட்கிறார்கள்? அவனுடைய அந்த மரபணுவில் இருக்கிற மாற்றம் உனக்கும் இருக்கிறது, உன்னிடமிருந்துதான் அவனுக்குப் போனது என்றுதான் சொல்லிவிட்டார்களே. உனக்கு இருந்தும் நீ நன்றாகத்தானே இருக்கிறாய்?

தூங்குமூஞ்சி அப்பா


மார்ச் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ நாள் ஆகிறது. கிலுக்கன் கடிதத்தோடு குளியல் தொட்டிக்குள் இறங்கிவிட்டான். தண்ணீரும் காகிதமும் ஒன்றாகக் கிடைத்தால் அவனுக்கு வேறு எதுவும் வேண்டாம். தொட்டி முழுக்க உங்கள் மை.

நீங்கள் புரிந்துகொண்டது எல்லாம் சரி. ரத்தம் எதற்கு என்று சொல்கிறேன்.

இந்த மாற்றத்தை டாக்டர்கள் இதற்குமுன் யாரிடமும் பார்த்ததில்லை. அது பழுதா, இல்லை வெறும் மச்சம் மாதிரி ஒன்றா என்று அவர்களுக்கே உறுதியில்லை. எனக்கு அது அம்மாவிடமிருந்து வந்திருந்தால், இத்தனை வருடம் என் மூளையில் விழித்திருந்து வேலை பார்த்திருக்கிறது. நான் நடக்கிறேன், பேசுகிறேன், உங்களோடு சண்டை போடுகிறேன். ஆக, அது ஒன்றும் செய்யாது. கிலுக்கனுக்கு வேறு ஏதோ காரணம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இதனால் பயமில்லை.

உங்களிடமிருந்து வந்திருந்தால், அப்பாவின் பங்காக எனக்குள் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதனால்தான் நான் தப்பித்தேன். உங்களுக்கும் தாத்தா வழியாக வந்து அப்படியே தூங்கியிருக்கும். ஆனால் நான் பெற்ற பிள்ளைக்குப் போகும்போது அது அம்மாவின் பங்கு. விழித்துக்கொள்ளும். அப்படியென்றால் பழுது அதுதான் என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிடுவார்கள். இந்தக் குழந்தைக்கும் அது போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது அப்பா. அது அம்மாவுடையதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். இன்னொரு கிலுக்கனை வளர்க்க எங்கள் இருவரிடமும் தெம்பு இல்லை. இதை நான் எழுதும்போது அவன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

உங்கள் மகள்


ஏப்ரல் 2

என் பாப்பாவுக்கு,

ரத்தம் கொடுத்துவிட்டோம். நீ எழுதியதை உன் அம்மா ஒரே தடவையில் புரிந்துகொண்டாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே வழக்குதான்.

பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். ஊசியைக் கையில் எடுப்பதற்குள் உன் அம்மா போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“முதல்ல என்னோடதை எடும்மா. என்னோடதுதான் அது. எழுதிக்கோ.”

“எழுதறதுக்கு இல்லைங்கம்மா, மெஷின்ல பார்த்துத்தான் சொல்லணும்.”

“மெஷினுக்கு என்னம்மா தெரியும்? பெத்தவ நான் சொல்றேன்.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். உலகத்தில் எல்லாரும் “எங்கள் பக்கம் இல்லை” என்று சத்தியம் செய்வதைத்தான் அவள் பார்த்திருப்பாள். என் முறை வந்தபோது, “சார், கையை இப்படி இறுக்காதீங்க, நரம்பு கிடைக்கலை” என்றாள். இறுக்கியிருந்தது எனக்கே தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். உன் நெற்றி என்னுடையது, நடை என்னுடையது, கணக்குப் போடுகிற மூளை என்னுடையது என்று நீ பிறந்த நாளிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அன்றைக்கு ஒவ்வொன்றாக உன் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

“நெத்தி உன்னோடதுதான். நல்லா பாரு.”

“ஆமா.”

“நடையும் உன்னுதுதான்.”

“அதைத்தானே நான் அப்பவே சொன்னேன்.”

“அந்தக் கோபம் இருக்கே, அது அப்படியே நீ.”

சாதாரண நாளில் இதற்கு எனக்கு முழங்கையால் ஒரு இடி விழுந்திருக்கும். “ஆமா, என்னோடதுதான், எல்லாமே என்னோடதுதான்” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முன்சீட்டுக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். சொத்தை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கிற தம்பதி என்று நினைத்திருப்பார்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. கிலுக்கனைத் தூக்காதே. இரண்டு தாள் கூடுதலாக வைத்திருக்கிறேன்.

உனக்கு எதுவுமே கொடுக்காத,
அப்பா


ஏப்ரல் 20

பாப்பா,

என்னுடையதுதான்.

நேற்று டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். சின்ன வயதுக்காரர், நல்ல மாதிரி. “இதுல யாரோட தப்பும் இல்லைங்க, யாருக்கும் தெரிய வழியே இல்லை” என்றார்.

உன் அம்மா விடவில்லை. “டப்பா மாறியிருக்கும் டாக்டர். ரெண்டு பேரும் அடுத்தடுத்துதான் கொடுத்தோம். இன்னொரு தடவை பாருங்க.”

“மாறலைங்கம்மா. ரெண்டு தடவை பார்த்துட்டோம்.”

தன்னிடம் பழுது இல்லை என்று கேட்டு இப்படி அழுத ஒருத்தியை அந்த டாக்டர் பார்த்திருக்கமாட்டார்.

நான் ஒன்றும் கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்காதே என்று கேட்டேன். என் ரத்தம் இன்னும் கொஞ்சம் எடுத்தால் எதற்காவது ஆகுமா என்று. ஆகாதாம். எலும்புக்குள்ளிருந்து எடுத்தால்? அதுவும் ஆகாதாம். சரி, என்னை வைத்து ஒன்றுமே ஆகாது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், வீட்டில் மாட்டிவைக்க ஆள் இருக்கிறது என்றேன். அவர் மட்டும் லேசாகச் சிரித்தார்.

மாப்பிள்ளையைக் கிண்டல் செய்ததையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவர் கொடுத்தவன் தூங்குகிறான், அதோடு சரி. நான் கொடுத்தவன் அல்லவா எழுந்து வந்து கெடுத்தான். வாழ்நாள் முழுக்கச் சோம்பேறி என்று பெயர் வாங்கியவனுக்குச் சொந்தமான ஒன்று, சுறுசுறுப்பாக நாடு விட்டு நாடு போய் வேலை காட்டியிருக்கிறது. உன் அம்மாகூட இதை எதிர்பார்க்கவில்லை. உனக்குள் சமர்த்தாகத் தூங்கியது அங்கேயே தூங்கித் தொலைத்திருக்கக் கூடாதா?

ஏதாவது சொல் பாப்பா. திட்டினாலும் சரி.

அப்பா


ஏப்ரல் 30

அப்பா,

கடிதம் கிடைத்தது. உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதில் யார்மேல் கோபப்படுவது?

ஆனால் கொஞ்ச நாள் எனக்கு எழுதாதீர்கள். எழுதினால் அதில் வேடிக்கை இருக்கும். நான் சிரித்தேனா என்று நீங்கள் அங்கே காத்திருப்பீர்கள். அது எனக்குத் தெரியும், அதனால் சிரிக்கப் பார்ப்பேன். இப்போது முடியவில்லை. காரணமில்லாமல் சிரிக்க இந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான்.

அடுத்த வாரம் வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கிறார்கள். முடிவு வர நாளாகும். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். போன் செய்ய வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

உங்கள் மகள்


மே 9

கிலுக்கனுக்குத் தாத்தா அனுப்புவது.

இது கடிதம் இல்லை. உன் அம்மா எழுத வேண்டாம் என்றிருக்கிறாள், நான் எழுதவில்லை. உறைக்குள் ஒரு கட்டுத் தாள் இருக்கிறது. எல்லாமே வெள்ளைத் தாள். வாராவாரம் வரும். கசக்கு.


ஜூன் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

குழந்தைக்கும் அது இருந்தது. பெண் குழந்தை.

நானும் இவரும் பல நாள் பேசினோம். போன வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன், சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது வயிற்றில் யாரும் இல்லை. இனிமேல் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். செய்தது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். சரி என்று சொல்லவும் சொல்லாதீர்கள்.

அன்று வீடு திரும்பியபோது கிலுக்கன் வாசலிலேயே விழுந்தடித்து வந்து என் காலைக் கட்டிக்கொண்டு சிரித்தான். அவனுக்கு நான் கடைக்குப் போய்வந்த மாதிரிதான். அப்படி வரவேற்க அவன் ஒருவனால்தான் முடியும். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இன்னொன்றை வேண்டாம் என்ற என்னை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை அப்பா.

உங்கள் உறைகள் எல்லாம் வந்தன. ஒவ்வொன்றையும் பிரித்து, ஒவ்வொரு தாளையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அவனிடம் கொடுத்தேன். வெள்ளைத் தாள் அனுப்பியது போதும். அவன் கசக்குவதற்கு முன்னால் எனக்குப் படிக்க ஏதாவது வேண்டும். எழுதுங்கள்.

உங்கள் பாப்பா


ஜூன் 24

என் பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டத் தொடங்கினேன். “பெண் குழந்தை” என்ற இடத்தோடு தாளை அவளிடம் நீட்டிவிட்டேன். மீதியை அவள் வாங்கித் தனக்குள்ளேயே படித்தாள். பிறகு எழுந்து போய், மடித்துவைத்திருந்த துணிகளையெல்லாம் பிரித்து மறுபடி மடித்தாள்.

நீ கேட்காதே என்றதை நான் கேட்கவில்லை. சொல்லாதே என்றதைச் சொல்லவும் இல்லை. வேடிக்கையாக ஏதாவது எழுதலாம் என்று சில நாளாகப் பேனாவைத் திறந்து திறந்து மூடுகிறேன். ஒன்றும் வரவில்லை. அதனால் இன்று லாண்டரியில் நடந்ததை எழுதுகிறேன்.

ஒரு பெட்ஷீட் வந்தது. சின்னது, தொட்டிலுக்குப் போடுகிற அளவு. மூலையில் விரல் நுழைகிற கிழிசல். நூல் கட்ட வேண்டிய கேஸ்தான், சந்தேகமே இல்லை. சிவப்பு நூலைக் கையில் எடுத்தேன். இத்தனை வருடமாக நான் பார்க்காமலேயே கை தானாகக் கட்டிவிடும். இன்றைக்குக் கட்டவில்லை. அப்படியே மடித்து, கிழிசல் உள்ளே போகும்படி, நல்ல ஷீட்டுகளோடு அடுக்கிவிட்டேன்.

சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். எடுத்துப் பிரித்து, கிழிசலுக்குள் விரலை விட்டு என் முகத்துக்கு நேராக ஆட்டினார்.

“என்னய்யா இது? வேலை நேரத்துல தூங்கறியா?”

“ஆமாங்க” என்றேன்.

அவ்வளவுதான் விஷயம். படித்துவிட்டாயா? அவனிடம் கொடு.

அப்பா