சுவிட்சில் தொங்கிய பூட்டு

அன்பு மனைவி சாந்தாவுக்கு,

நான் சுகம். கொல்லங்கோட்டில் நீயும் அத்தையும் சுகந்தானே?

நேற்று தேயிலை ஃபேக்டரியில் ஒரு கூத்து. மிஷினுக்குள் துடைக்கப் போகிறவன், வேறு யாரும் ஓட்டிவிடாதபடி சுவிட்சைப் பூட்ட வேண்டும். முடிந்ததும் அவனே திறக்க வேண்டும். நல்லதம்பி துடைத்துவிட்டு, திறக்காமலே போய்விட்டான். மிஷின் ஓடாமல் இலை குவிந்துவிட்டது. அவன் வீட்டுக்கு ஓடினேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்; பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து மீனில் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“இவ மீன்கொழம்பு நெனப்புல பூட்டு மறந்துபோச்சுண்ணே. இந்தாங்க சாவி” என்றான்.

எனக்கு வயிறு எரிந்தது.

“பூட்டுனவன்தான் தொறக்கோணும், எந்திரி” என்று பாதிச் சோற்றில் இழுத்து வந்தேன். அவன் பூட்டை எடுத்ததும் மிஷின் ஓடியது. இலை கெடாமல் தப்பியது. சாவியை வாங்கி நானே திறந்திருக்கலாம்.

என் கம்பளி கிழிந்துவிட்டது. ஊசியும் நூலும் வேண்டும். தபாலில் அனுப்பாதே, நீயே கொண்டு வா. தபால்காரர் அவசரப்படுத்துகிறார்.

குருசாமி