கணக்கில் தோற்றதாக எழுதிய கார்டு

எண்ணெய் மணக்கும் என் அப்பாவுக்கு,

குற்றாலத்துக்குச் சீசனில் வருகிறவர்கள் தலைக்கெல்லாம் எண்ணெய் தேய்த்தீர்கள். என்னைத்தான் ஒன்பது வயதுக்குப் பிறகு தொடவே இல்லை. இப்படி ஏதாவது சொல்லி உங்களைச் சிரிக்க வைக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். வரவில்லை.

நீங்களும் அம்மாவும் பிரிந்தபோது, நான் பள்ளிப் படிப்பை முடிக்கும் வரை மாதம் பத்து ரூபாய் என்று கோர்ட்டில் தீர்ப்பு. மாதம் தவறாமல் தென்காசிக்கு மணியார்டர் வந்தது. போன வருடம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினேன். பாஸானால் கல்லூரி. பாஸானால் பணமும் நின்றுவிடும். அம்மா உங்களிடம் கேட்க மாட்டாள். யாருக்கும் சொல்லாமல் உங்களுக்கு ஒரு கார்டு போட்டேன்: கணக்கில் போய்விட்டது, இன்னும் ஒரு வருடம் பள்ளியில் படிக்க வேண்டும் என்று. எழுபத்தெட்டு மார்க் வாங்கினவள், கணக்குப் போட்டுத்தான் கணக்கில் தோற்றேன்.

உங்களுக்கு எழுத்து தெரியாது. உங்களோடு எண்ணெய் தேய்க்கும் சுடலை அண்ணாச்சிதான் வாசித்துக் காட்டினாராம். நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து ரூபாய் வந்தது. பஸ் கண்டக்டரிடம் ஒரு புட்டி எண்ணெயும் கொடுத்துவிட்டீர்கள், மண்டை குளிர்ந்தால் படிப்பு ஏறும் என்று. பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியில் தோழிகள் தலையில் அதைத் தேய்த்து, தோற்றவர்களுக்கென்றே எங்கப்பா காய்ச்சியது என்று கேலி பேசினேன்.

சீசன் முடிந்தால் நீங்கள் பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குவது அப்போது எனக்குத் தெரியாது. இந்த வருடத்தோடு பிள்ளை படிப்பு முடிகிறது, இனி மூட்டை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்களாம். என் கார்டு வந்தது. ஐப்பசி மழையில் நனைந்தே தூக்கினீர்கள். நெஞ்சில் சளி கட்டி, கார்த்திகையில் போய்விட்டீர்கள்.

துக்கத்துக்கு நான் மட்டும் வந்தேன். சுடலை அண்ணாச்சி என் தலையில் கை வைத்தார். "ஏட்டி, இந்தத் தடவயாவது பாஸாயிரு. கடைசி வரைக்கும் ஒங்கப்பன் அதயேதான் சொல்லிக்கிட்டு கெடந்தான்."

வீட்டில் அம்மா அடுப்பு பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். "கோர்ட்டு சொன்ன கெடு முடிஞ்சும் அனுப்புனாரு. அதுக்காவது அவரு மனுசன்" என்றாள். உங்களைப் பற்றி அவள் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே நல்ல வார்த்தை. அதை நான் எப்படிக் கெடுக்க?

பாஸாகிவிட்டேன், கல்லூரிக்கு வேண்டும் என்று நேராகக் கேட்டிருந்தால் அனுப்பியிருப்பீர்களா அப்பா? தென்காசியிலிருந்து மூன்று மைல்தான். வந்து கேட்டிருக்கலாம்.

இப்போது என் கல்லூரிச் செலவுக்கு அம்மாவின் கம்மல் அடகில் இருக்கிறது. புட்டியில் ஒரு விரற்கடை எண்ணெய் மிச்சம். கல்லூரிப் பரீட்சைக்கு முதல் நாள் அதைத் தேய்த்துக் குளிப்பேன். எழுதி முடித்ததும் அருவிக்கரைக்கு வந்து சுடலை அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லுவேன். திட்டட்டும். உங்கள் பிள்ளை தோற்றவள் என்று அங்கே ஒருவரும் நினைத்திருக்க விடமாட்டேன். உங்களிடம்தான் சொல்ல முடியவில்லை.

முதல் தடவையிலேயே பாஸான உங்கள் மகள்,
கோமதி