சாட்டையால் அளந்த ஒன்றரை மீட்டர்

பெகிமாய்க் கண்ணுக்கு அப்பா எழுதுவது. மாஸ்கோவில் நீயும் மாப்பிள்ளையும் இருமல் இல்லாமல், வேலை போகாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மா, உன் மகள் ஐதாய், மாடு மூன்றும் நலம். நான் முக்கால்வாசி நலம். மீதிக் கால்வாசியை ஊரார் போனில் சொல்லுமுன் வெட்கத்தை விட்டு நானே சொல்லிவிடுகிறேன்: உன் மாமியார் என்னைச் சாட்டையால் பின்னிவிட்டார். இதை ஜன்னல் கட்டையில் வைத்து நின்றபடிதான் எழுதுகிறேன்.

பள்ளி திறப்பதைப் பற்றிப் பெற்றோர் கூட்டம். பெற்றோரில் பாதி ரஷ்யாவில், அதனால் வந்ததெல்லாம் என் மாதிரி தாத்தா பாட்டி உருப்படிகள். கொரோனாவால் உள்ளே கூடக்கூடாது என்று முற்றத்தில் நின்றோம். முதல் வகுப்பை மட்டும் திறக்கலாம், பிள்ளைக்கும் பிள்ளைக்கும் ஒன்றரை மீட்டர் வேண்டும், இடம் பற்றாவிட்டால் பட்டியலில் கடைசியில் இருப்பவர்கள் டி.வி.யில் படிக்கட்டும் என்றார் தலைமையாசிரியை சைரா. ஐதாய் பதினான்காவது. டி.வி. பாடத்தின் லட்சணம் உனக்கே தெரியும், நீ வாராவாரம் அவள் பேரை எழுதிக் காட்டச் சொல்கிறாய், அவள் ஆட்டுக்குட்டி வரைந்து காட்டுகிறாள். எப்படியாவது அவளை உள்ளே தள்ளிவிட வேண்டும் என்பதுதான் என் வெறி. அளக்கும் டேப் இருந்த அறையின் சாவி காவல்காரரிடம், அவரோ காய்ச்சலில் தனியாகப் படுத்திருக்கிறார். இரண்டு சாட்டை நீளம் ஒன்றரை மீட்டர், இதுகூடத் தெரியாதவன் குதிரை ஏறலாமா என்றார் மாட்டு டாக்டர் தூலன்பெக். வகுப்பறை அளவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டோம். என் சாட்டைக்குப் பதினெட்டுப் பிள்ளைகள் அடங்கினார்கள். நாய் கடித்து அதில் நாலு விரற்கடை போயிருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. சம்பந்தியம்மா கணவரின் நீளச் சாட்டையை எடுத்து வந்திருந்தார், அதற்குப் பத்துதான். ஜூலையில் அந்த மனுஷன் மூச்சுக்குத் தவித்துச் செத்ததைப் பார்த்தவர், பேத்தியை வெளியே விடமாட்டேன் என்று ஒரே பிடி. நான் வாயை மூடியிருக்கலாம். இந்தச் சாட்டை வாரை வைத்து இடுகாடு வரைக்கும் அளக்கலாமே அம்மா என்றேன்.

முதல் அடியில் என் தொப்பி பறந்தது. எடுக்கக் குனிந்தேன், புத்தி கெட்டுப்போய். அடுத்த நாலும் குனிந்த இடத்தில். மானம் போல் காக்கும் தொப்பி மண்ணில் விழுந்தால் நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? என் தம்பி கண்மண் தெரியாமல் குத்தியதில் டாக்டர் இரண்டு பல்லைத் துப்பினார். யாரோ பிளாஸ்கால் தம்பியின் மண்டையைப் பிளக்க, தேநீரும் ரத்தமும் ஒன்றாக வழிந்தன. ஒன்றரை மீட்டர் கேட்டு வந்த கூட்டம் கழுத்தைக் கட்டிக்கொண்டு உருண்டது. முகக்கவசத்தை முறுக்கியே ஒருவர் குரல்வளையை ஒருவர் நெரித்தார்கள். சைரா மணியடித்துப் பார்த்து, கடைசியில் மணியாலேயே ஒருவரை அடித்தார். ஆறாவது அடிக்கு ஓங்கிய சம்பந்தியம்மா சட்டென்று தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். எங்க வீட்டுக்காரர் சாகும்போது கையைப் பிடிக்கக்கூட விடலையே, இவளையும் தூக்கிக் குடுக்கச் சொல்றீங்களா என்றார். எனக்கு அடி வலித்ததைவிட அது வலித்தது. மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டேன். மூக்கைச் சிந்திவிட்டு, பிள்ளை போகட்டும், ஆனா ஜன்னலோரமா உக்கார வைக்கணும் என்றார். அவர் சாட்டை ஒன்று, என் சாட்டை ஒன்று, சேர்த்துப் போட்டு அளந்தோம். சரியாகப் பதினான்கு. என் தோல் உரிந்தாலும் உன் மகள் பள்ளிக்கூடம் போகிறாள், தெரிந்துகொள்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு முன்னால் உன் மாமியாருக்குப் போன் செய், மறக்காதே. கம்பளிக் காலுறை போடு. போன இடத்தில் நோய் உங்களை அண்டாமல், வந்த வழியே பத்திரமாகத் திரும்பி வாருங்கள்.

உட்கார ஏங்கும் உன் அப்பா,
சாத்திபால்தி

பி.கு.: நேற்று முதல்முறையாகப் பள்ளிக்குப் போய்வந்த ஐதாய் சொன்னாள், வகுப்பில் மேசை நாற்காலி எல்லாம் தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறதாம். ஒன்றைக்கூட ஒரு விரற்கடை நகர்த்த முடியாதாம்.