தட்டின் கடைசிக்குப் போன சிலைட்டுகள்

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை முனையில் புதிதாக ஒரு தேத்தண்ணிக் கடை போட்டிருக்கிறார்கள். இன்று காலை அதைத் தாண்டும்போது இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ மணம் வந்தது. நின்றுவிட்டேன். நாளைக் கூட்டத்துக்கான அறிக்கை பையில் இருந்தது, பஸ்ஸும் வந்துகொண்டிருந்தது. பஸ்ஸைப் போகவிட்டு ஒரு பிளேன்டீ வாங்கிக் குடித்தேன். உம்மை நினைத்தால் எனக்கு இப்போது அழுகை வருவதில்லை. கோபம்தான் வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனை ஆய்வுகூடத்தின் மேல்மாடியில், நீர் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருந்து சளிச் சிலைட்டுகளைப் பார்ப்பீர். காசநோய்க் கிருமி உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது உம்முடைய கண். பக்கத்து மேசையில் நான். கமெரா எடுக்கும் அளவுகளையும் உம்முடைய பதிவேட்டையும் வைத்து, அதே தீர்ப்பைக் கணினி எவ்வளவு துல்லியமாகச் சொல்லும் என்று புள்ளிவிபர நிரல் எழுதி அளக்க வந்தவன். எண் நன்றாக வந்தால் உம்மைக் கீழே இரத்தம் எடுக்கும் கவுண்டருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது நம் இருவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே பதிவேட்டை நீரே தூக்கிவந்து என் மேசையில் போட்டீர். "பாரும் ஐசே. என்ர கையெழுத்து விளங்காட்டிக் கேளும்."

முதல் எண்ணை நான் பெருமையோடு காட்டியபோது நீர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர். "பத்துப் பேர் இருமிக்கொண்டு வந்தால் ஒருத்தருக்குத்தான் வருத்தம் இருக்குதெண்டு வையும். எல்லாருக்கும் இல்லையெண்டு சொல்லிப்போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாலே உமக்குத் தொண்ணூறு புள்ளி. இதுக்கு ஏன் கொம்பியூட்டர்?"

எனக்கு முகம் சுருங்கிப் போனது. படித்தவன் நான், ஆனால் பாடத்தை நடத்தியது நீர் என்ற கடுப்பு வேறு. அன்றே, நோய் உண்டா இல்லையா, நிரல் சொன்னது சரியா பிழையா என்று முடிவுகளை நான்கு கட்டங்களாகப் பிரித்து அச்செடுத்து வந்தேன். மற்ற மூன்றையும் விட்டுவிட்டு ஒரு கட்டத்தில் மட்டும் விரலை வைத்தீர். நோய் இருந்தும் இல்லை என்று சொல்லப்பட்டவர்கள். "இவையள் வருத்தம் இல்லையெண்ட துண்டை வாங்கிக்கொண்டு வீட்டை போயிடுவினம். பிள்ளையளோட ஒரே அறையில படுப்பினம்" என்றீர்.

நிரலைத் திருத்தத் திருத்த அந்தக் கட்டமும் கிட்டத்தட்ட வெறுமையானது. பணிப்பாளரிடம் அறிக்கையைக் கொடுத்தேன். நீர் கைகொடுத்து, "அப்ப நான் கீழ போகலாம்" என்று சிரித்தீர்.

அடுத்த கிழமை நீர் லீவு. உமக்குப் பதிலாக ஒரு தங்கச்சி வந்து சிலைட்டுகளைப் பார்த்தா. அந்தக் கிழமைத் தரவில் நிரலை ஓட்டினேன். அவ நோய் உண்டு என்று எழுதியவர்களை நிரல் ஒவ்வொருவராக இல்லை, இல்லை என்று தள்ளியது. நீர் விரல் வைத்த கட்டம் நிரம்பிவிட்டது. பதிவேட்டில் இருந்து நிரலுக்குக் கொடுத்த விபரங்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பழைய தரவையும் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். வயதை எடுத்தேன், ஒன்றும் மாறவில்லை. இருமல் நாட்களை எடுத்தேன், துல்லியம் கொஞ்சம் இறங்கியது. சிலைட்டுகளை அடுக்கும் தட்டில் இது எத்தனையாவது என்ற எண்ணை எடுத்தேன். எல்லாம் சரிந்தது. தட்டில் இருக்கும் இடத்துக்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன்.

உம்முடைய வீட்டுக்கு வந்து கேட்டேன். சாய்மனைக் கதிரையில் மெலிந்துபோய் இருந்தீர். "அதுவா? முதல்ல எல்லாத்தையும் மேலோட்டமா ஒருக்காப் பார்ப்பன். சந்தேகமானதை எடுத்துத் தட்டின்ர கடைசியில வைப்பன். பிளேன்டீ குடிச்சிட்டு வந்து ஆறுதலாப் பார்ப்பன். களைச்ச கண் பொய் சொல்லும் ஐசே."

என் நிரல் கிருமியைப் பார்க்கவே இல்லை. உம்முடைய கை சிலைட்டை எங்கே வைத்தது என்பதைப் பார்த்து விடை சொல்லியிருக்கிறது. அறிக்கை பிழையாகிப்போன கவலையைவிட எனக்கு அப்போது சந்தோஷம்தான் முன்னுக்கு வந்தது. "உம்மட கதிரை தப்பிச்சுது" என்றேன்.

நீர் சிரிக்கவில்லை. "விசர்க் கதை கதையாதையும். என்ர கதிரையைக் காப்பாத்தச் சொல்லி உம்மை ஆர் கேட்டது? நான் இனி அங்க வரமாட்டன். நான் இல்லாட்டியும் அந்தச் சனத்தை உம்மட புரோகிராம் பிடிக்குமெண்டு நம்பித்தானே பதிவேட்டைத் தந்தனான்."

உள்ளே நின்ற உம்முடைய மனைவி கண்ணைத் துடைத்தபோதுதான் எனக்கு விளங்கியது. பதிவேட்டைக் கொண்டுவந்து போட்ட அன்றே, உம்முடைய நோய் இனி மாறாது என்று உமக்குத் தெரியும். பக்கத்து மேசையில் இருந்த எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. அந்தக் கோபம்தான் இது, இன்னும் ஆறவில்லை.

மறுநாள் பணிப்பாளர் முன்னால் நின்று, பிழை என்னுடையது என்று சொல்லி அறிக்கையைத் திருப்பி வாங்கினேன். வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு நிரல் தவறவிட்ட சிலைட்டுகளின் படங்களை மடிக்கணினியில் உம்முடைய வீட்டுக்குக் கொண்டுவருவேன். "இது சாய ஊத்தை, விடும். இது கிருமி, அந்த வளைவைப் பாரும்" என்று ஒவ்வொன்றாகச் சொல்வீர். சில நாள் பாதியில் கண்ணயர்ந்துவிடுவீர். நான் அடுத்த படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். கடைசிக் கிழமை வரைக்கும் பார்த்தோம்.

இப்போது நிரல் உண்மையாகவே சிலைட்டைப் பார்க்கிறது. உறுதியில்லாததை ஒரு மனிதக் கண்ணுக்கு அனுப்புகிறது. தவறவிட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த அறிக்கையிலும் துல்லியத்தை எழுதுமுன் அவர்களைத்தான் எழுதுகிறேன், எத்தனை பேர், ஏன் தவறினார்கள் என்று. உம்மிடம் இருந்து என்னோடு வந்த பழக்கம் அது.

நாளைக் கூட்டத்தில் என்னுடைய பழைய அறிக்கையும் மேசையில் இருக்கும். புதிய எண் அதைவிடக் குறைவு. யாராவது கட்டாயம் காரணம் கேட்பார்கள். பழைய எண்ணுக்குள் ஒரு மனிதர் இருந்தார், இப்போது அவர் இல்லை என்று சொல்லப்போகிறேன்.