கிளிகள் சட்டையில் நிகாசியோ

பராவோனா,
ஜனவரி 12.

அன்பு ஞானமகள் யொகாஸ்தாவுக்கு, ஞானத்தந்தை தியோபிலோ எழுதுவது. கடவுள் உன்னை ஆசீர்வதிப்பாராக. அம்மா மிலாக்ரோசுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் அப்பா நிகாசியோ கிளிகள் பேஸ்பால் அணிக்கு ஆடப் போகிறார். நேற்று புவேர்த்தோ பிளாத்தாவில் கையெழுத்தாகிவிட்டது. பேரம் பேசியவன் நான். வேறு வாய் வழியாக உனக்கு வந்து சேர்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து போகும் அழைப்பை நீ எடுப்பதில்லை. அதனால் நாளை விமானம் ஏறும் பக்கத்து வீட்டு ஒனேலியா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பதினெட்டு வருடமாக நம் வண்டிக்காரர்கள் அணியின் சட்டையைத் தவிர வேறு சட்டை போடாத மனிதர் அவர். நம் அணியும் அவருக்கு ஒரு கோப்பைகூட வாங்கித் தரவில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் தோற்று மூட்டை கட்டும். வெளியேறிய அணிகளிலிருந்து, மீதமிருக்கும் அணிகள் ஜனவரி ஆட்டங்களுக்கு ஆள் பொறுக்கிக்கொள்ளும் நாள் ஒன்று உண்டே, அன்று முதல் பெயராக நிகாசியோவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் மாட்டேன் என்பார். நம் ஊருக்கு அது திருவிழா. மேளமும் ரம்முமாக உங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அவர் வெளியே வந்து, “நான் வண்டிக்காரன்யா, எனக்குப் பறக்கத் தெரியாது” என்பார். தெருவே ஆடும். நீயும் அவர் தோளில் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறாய். கூட்டம் கலைந்த பிறகு, ஜனவரி முழுக்க அவர் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து மற்றவர்கள் கோப்பைக்கு ஆடுவதைப் பார்ப்பார். அதற்கு யாரும் மேளம் கொண்டுவந்ததில்லை.

நான் பழைய டயர் விற்று ஆளானவன். விலை இருக்கும்போதே கைமாற்றிவிட வேண்டும் என்று அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். மெக்சிகோவிலிருந்து நாலு மடங்கு சம்பளத்துக்குக் கூப்பிட்டபோது, ஊர் என்ன சொல்லும் என்றார். உன் அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டி பிராவிடன்சுக்குக் கிளம்பியபோது, இந்த சீசன் முடியட்டும், பின்னாலேயே வருகிறேன் என்றார். எந்த சீசன் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஊர் அவரைத் தூக்கி வைத்துக்கொண்டது, இறக்கிவிடவே இல்லை. அவரும் இறங்கத் துணியவில்லை.

இந்த டிசம்பரில் ஒரு மத்தியானம் கடைக்கு வந்தார். வெகுநேரம் ஒரு டயரைக் காலால் உருட்டிக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: “தியோ, இந்த வருஷம் யாராச்சும் கூப்பிட்டா வர்றேன்னு சொல்லிவை. டிவி முன்னாடி உக்காந்து உக்காந்து அந்த நாற்காலி என் உருவத்துக்கே வந்திருச்சு.”

நான் இரண்டு அணிகளின் காதில் போட்டு வைத்தேன். ஊருக்கு ஒன்றும் தெரியாது. அந்த நாள் வந்தது, வழக்கம்போல மேளமும் வந்தது. வானொலியில் சுற்றுச் சுற்றாகப் பெயர்களை வாசித்தார்கள். நம் அணியின் இரண்டாவது கேட்சர் பெயர்கூட வந்தது. நிகாசியோ பெயர் வரவில்லை. நிகழ்ச்சி முடிந்து பாட்டுப் போட்டுவிட்டார்கள். மேளக்காரன் குச்சியை ஓங்கியபடியே நின்றான். முடிவெட்டும் கீக்கோதான் நிலைமையைச் சமாளித்தான். “கேட்டா எப்படியும் மாட்டேம்பாருன்னு பயந்துட்டானுங்கய்யா! அடிங்கடா மேளத்த!” என்றான். அடித்தார்கள். உன் அப்பா வாசலில் நின்று அவர்களோடு சேர்ந்து சிரித்தார், யொகாஸ்தா. வியாபாரத்தில் எத்தனையோ பேர் நஷ்டத்தை மறைத்துச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். இவர் சிரித்ததைப் பார்க்க முடியாமல் நான் உள்ளே போய்விட்டேன்.

போன வாரம் கிளிகளின் முதல் பேஸ் ஆட்டக்காரனுக்கு முழங்கால் போய்விட்டது. உன் அப்பா ஆடும் அதே இடம். அடிபட்டவனுக்குப் பதில் ஆள் எடுக்க விதியில் இடமுண்டு. அவரைக் கேட்காமலே லாரியை எடுத்துக்கொண்டு புவேர்த்தோ பிளாத்தாவுக்குப் போனேன். அந்த அணியின் நிர்வாகி வெந்தூரா கெட்டவனில்லை. பல ஜனவரிகள் உங்கள் வீட்டு வாசல் வரை வந்து, கெஞ்சி, வெறுங்கையோடு திரும்பியவன். அதை மறக்கவும் இல்லை. “நாப்பத்தோரு வயசு, தியோபிலோ. இதுவே டயரா இருந்தா நீ வாங்குவியா?” என்று கேட்டான். “உன்கிட்ட இப்ப வெறும் ரிம்தான் இருக்கு, அதுக்கு இது மேல்” என்றேன். சிரித்துவிட்டான். சிரித்தவனோடு பேரம் பேசலாம்.

கையெழுத்துக்கு முன்பே பேச்சு ஊருக்குத் தெரிந்துவிட்டது; அப்போது நடந்ததை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவரைக் கண்டால் கிளி மாதிரிக் கத்துகிறார்கள். கீக்கோ தன் கடைச் சுவரில் இருந்த அவர் படத்தைத் திருப்பி மாட்டிவிட்டான். யாரோ உங்கள் கதவில் கிளித்தீனி என்று ஒரு பை சூரியகாந்தி விதை தொங்கவிட்டிருந்தார்கள். அவர் அதை அவிழ்த்து, கோழிகளுக்காவது ஆகும் என்று உள்ளே கொண்டுபோனார். மூலைக்கடையில் டோமினோ ஆடுகிறவர்கள் அவர் வந்ததும் கட்டைகளைக் கலைத்துவிட்டு எழுந்தார்கள். அன்று மட்டும் அவர் முகம் மாறிவிட்டது. இந்த ஊரில் அவருக்கு இனி வாசலில் மேளம் இல்லை. அது தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டார்.

“நான் மாட்டேன்னு சொல்லியிருக்க வேண்டியது இந்த ஊர்கிட்டதான், மகள்கிட்டயும் அவ அம்மாகிட்டயும் இல்ல” என்று நேற்று திரும்பி வரும் வழியில் லாரியில் சொன்னார். உனக்கு எழுத வேண்டிய வார்த்தையை என்னிடம் சொல்கிறார் என்று தெரிந்தது.

அவருக்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அது என் சரக்கில்லை. நீ வரவேண்டும் என்றும் கட்டாயப்படுத்தவில்லை; உனக்கு வேலை இருக்கும், அம்மாவின் முதுகுவலி வேறு. அடுத்த சனிக்கிழமை கிளிகளோடு அவருக்கு முதல் ஆட்டம். பனிக்காலத்தில் அங்கிருந்து டிக்கெட் விலை இறங்கியிருக்கிறது என்று ஒனேலியா சொன்னாள். அவ்வளவுதான். கடவுள் உங்கள் இருவரையும் நல்ல சுகத்தோடு வைத்திருக்கட்டும்.

பேசி முடித்த கணக்கு இது. தொடர் முடியும்வரை அவர் கிளிகளின் ஆள். பழைய எண் கிடையாது, அதை ஒரு பையன் போட்டிருக்கிறான். தினமும் களமிறக்குவார்கள் என்ற உறுதியும் இல்லை. பேருந்தும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. நேற்று கையெழுத்துப் போடும் நேரத்தில் வெந்தூரா சம்பளத்தைச் சொன்னான், நல்ல தொகை. உன் அப்பா அது வேண்டாம் என்று சொல்லி, அதற்குப் பதில் வேறொன்று கேட்டார். வெந்தூரா சம்பளத்துக்குக்கூட அவ்வளவு யோசிக்கவில்லை. கடைசியில் எழுதிக்கொடுத்தான்: ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல் பேஸ் பக்கம் இரண்டு இருக்கைகள். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அவற்றை வேறு யாருக்கும் விற்கக் கூடாது.

இப்படிக்கு,
தியோபிலோ