லில்லித் தொட்டிக்கு நிழல்

ரியா அப்பா,

காட்டுப்பாக்கத்துல தங்கச்சியைப் பார்த்துட்டு சாயங்காலம்தான் வருவேன். மீன் குழம்பு இருக்கு, சூடு பண்ணிக்குங்க. சாவி எங்கிட்ட ஒண்ணு இருக்கு, நீங்க தூங்கலாம்.

நேத்து மாதிரி மத்தியானம் மொட்டை மாடிக் குழாயைத் திறந்து லில்லிக்கு ஊத்திடாதீங்க. டேங்க் தண்ணி கொதிக்குது, ரெண்டு கிழங்கு வெந்தே போச்சு. அதுக்காக நான் கத்தினது கொஞ்சம் ஜாஸ்திதான்.

வெயில் ஏறுறதுக்குள்ள தொட்டிகளைச் செங்கல் மேல தூக்கி வைங்க. தரைச் சூடு கிழங்குக்கு ஆகாது. இந்த ஈஸ்டருக்கும் சர்ச் ஆல்டருக்கு நாலு பூ கொடுத்த செடிங்க.

ஆவடி குவார்ட்டர்ஸ்ல நம்ம முதல் கோடை ஞாபகம் இருக்கா? இதே லில்லி வாடுதுன்னு, கல்யாணத்தன்னிக்கு நான் தலையில முக்காடா போட்ட வெள்ளை நெட் துணியை நாலா மடிச்சுப் பந்தல் கட்டுனீங்க. ரெண்டு நாள் உங்ககூட நான் பேசல. ஆனா ஒரு இலைகூடக் கருகல.

ஹெலினா

இடமில்ல, ஓரத்துல எழுதுறேன்: மாடியில கட்டியிருந்த பச்சை வலை காத்துல கிழிஞ்சுடுச்சு. பீரோவுல இருந்து அந்தக் கல்யாண நெட் துணியை எடுத்து சாப்பாட்டு மேஜை மேல வச்சிருக்கேன். அன்னிக்கு மாதிரியே நாலா மடிச்சுக் கட்டுங்க.